ஸ்பேரக்காவின் நாற்காலி

ஸ்பேரக்கா இறந்த மறுநாள் காலையில் அவரை வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

போனை மகள்தான் எடுத்தாள். முன்னறையில் அழுது களைத்தவர்கள் சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தார்கள். மறுமுனையில் ஓர் இளம்பெண்ணின் குரல். மூச்சிரைக்கப் பேசியது.

"அக்கா, குட்மார்னிங். பேக்கிங்குக்கு ஒரு ஆள் குறையுது. வேன் கிளம்பப் போகுது. ஓடி வந்துடறீங்களா?"

"அவங்க இறந்துட்டாங்க. நேத்து."

பின்னணியில் வேன் ஹாரன் மட்டும் கேட்டது.

"ஐயோ, சாரிங்க. ரொம்ப சாரி." மறுபடி ஹாரன். "தப்பா நினைச்சுக்காதீங்க. வீட்ல வேற யாராவது சும்மா இருக்காங்களா?"

அந்தப் பெண்ணைத் திட்டிப் பயனில்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி அப்படி. அதில் உட்கார்ந்த யாருக்கும் கொஞ்ச நாளில் அந்த வாய் வந்துவிடும். ஸ்பேரக்காவும் ஒரு காலத்தில் அதில் உட்கார்ந்தவர்தான். அவருக்கு அந்த வாய் வரவில்லை. நாற்காலியும் நிலைக்கவில்லை.

கம்பெனிகளுக்குக் கூலியாட்களை அனுப்பும் அந்த ஏஜென்சி ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. குறுகலான படிக்கட்டு, மேலே கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு கவுண்டர், அதன் முன்னால் வரிசையாக இரும்பு பெஞ்சுகள். எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில், 'ஆட்களே எங்கள் சொத்து' என்று எழுதியிருந்தார்கள். பொய் சொல்லவில்லை. சொத்து மாதிரியே வைத்திருந்தார்கள்: ஓர் அறையில் பூட்டி, வாடகைக்கு விட்டு.

இந்தச் சொத்துக்கெல்லாம் உடைமைக்காரர் தன்னை எம்.டி. என்று சொல்லிக்கொள்வார். ஒரு மாடி அறையும் ஒரு பழைய வேனும்தான் கம்பெனி. ஆனால் மேனேஜிங் டைரக்டர். பெஞ்சுக்காரர்கள் அவருக்குச் சென்ட்பாட்டில் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆள் படியேறி வருவதற்கு முன்பே வாசனை வந்து வணக்கம் வாங்கிக்கொள்ளும்.

ஸ்பேரக்கா அங்கே முதன்முதலில் போனது, அவர் தைத்துக்கொண்டிருந்த ஆயத்த ஆடைக் கம்பெனியை மூடிய பிறகு. கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மகள் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தாள். கவுண்டரில் இருந்த பெண் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"என்ன வேலை தெரியும்?"

"எது கொடுத்தாலும் செய்வேங்க."

இந்தப் பதில்தான் அவரைக் கவிழ்த்தது. தெரியாமல் சொல்லிவிட்டார். அந்த இடத்தில் பிழைக்கத் தெரிந்தவர்கள் ஒரே ஒரு வேலையைச் சொல்லி அதிலேயே பிடிவாதமாக நிற்பார்கள். அவருக்கு அடுத்து நின்றவர், "வெல்டிங் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்றார். அந்த வெல்டரை மறுநாளிலிருந்து தினமும் பிஸ்கட் பெட்டி அடுக்க அனுப்பினார்கள். ஆனால் தினமும் அனுப்பினார்கள். அதுதான் முக்கியம்.

ஸ்பேரக்காவை அனுப்பவில்லை. ஒரு கம்பெனி பத்துப் பேர் கேட்டால் ஏஜென்சி பதின்மூன்று பேரை விடியற்காலையில் வரச் சொல்லும். பத்துப் பேர் வேனில் ஏறுவார்கள். மிச்சம் மூன்று பேர் பின்பெஞ்சில் உட்கார வேண்டும். அவர்களுக்குப் பெயர் ஸ்பேர். யாராவது வராமல் போனால் அந்த இடத்தை அடைக்க. எல்லாரும் வந்துவிட்டால், "நாளைக்குப் பாக்கலாம்" என்று ஒரு வார்த்தை. காத்திருந்ததற்குக் கூலி கிடையாது. கேட்டால், காத்திருப்பது வேலையில்லையாம். அதைச் சொல்லும் எம்.டி.யும் நாள் முழுக்க அதே அறையில் உட்கார்ந்துதான் இருப்பார்.

எது கொடுத்தாலும் செய்கிறவர் எந்த ஓட்டைக்கும் பொருந்துவார். அதனால் அவரை எந்த ஓட்டைக்கும் முதலில் செலவழிக்க மாட்டார்கள். கடைசிவரை கையில் வைத்திருப்பார்கள். சலவைக்கூடத்தில் துணி மடிக்க ஆள் குறைந்தால் அவர். கேன்டீனில் தட்டு கழுவ ஆள் குறைந்தால் அவர். எங்கேயும் குறையவில்லை என்றால் பின்பெஞ்சு. நல்ல பெயர் எடுத்ததற்கு இப்படி ஒரு பரிசு. கொஞ்ச நாளில் அவருடைய சொந்தப் பெயர் எல்லாருக்கும் மறந்துபோனது. வேன் டிரைவர்தான் முதலில் கூப்பிட்டார், "ஏ ஸ்பேரக்கா, ஏறுங்க!" என்று. அதுவே ஒட்டிக்கொண்டது.

அவருக்கு அந்தப் பெயரில் கோபமில்லை. கால்தான் பிரச்சினை. நாள் முழுக்க நின்று நின்று கெண்டைக்காலில் நரம்புகள் சுருண்டு நீலமாகப் புடைத்திருந்தன. டாக்டர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நிக்கற வேலையை விட்டுடுங்கம்மா. உக்காந்து பாக்கற வேலையா பாருங்க. காலைக் கொஞ்சம் உயரத்துல தூக்கி வெச்சுக்கணும்."

"சரிங்க டாக்டர்" என்றார் ஸ்பேரக்கா. ஏதோ வேலைகள் எல்லாம் கடையில் தொங்குவது போலவும், இவர் பிடித்ததை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி என்பது போலவும்.

ஆனால் ஒரு நாற்காலி உண்மையாகவே கிடைத்தது.

கவுண்டர் பெண் பிரசவத்துக்காக லீவில் போனாள். ஊருக்கெல்லாம் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குத் தன் கவுண்டருக்கு ஓர் ஆள் அகப்படவில்லை. வெளியிலிருந்து எடுத்தால் ஏஜென்சி ரேட் கொடுக்க வேண்டும். அது எவ்வளவு அநியாயமான ரேட் என்று எம்.டி.யைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அவர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து பெஞ்சுகளை ஒரு நோட்டம் விட்டார். பார்வை பின்பெஞ்சில் நின்றது.

"அக்கா, போன் பேச வருமா?"

"வரும் சார்."

"அப்ப வாங்க, இப்படி வந்து உக்காருங்க. அந்தப் பொண்ணு திரும்பி வரமாட்டேன்னுதான் சொல்றா. இந்த லீவு முடியறவரைக்கும் ஒரு வேன்கூட ஆள் குறையாம போயிடுச்சுன்னா, இந்த சீட்டு உங்களுக்கு நிரந்தரம்."

நிரந்தரம் என்ற சொல்லை அந்த அறையில் அதுவரை யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. முன்பெஞ்சில் இருந்த வெல்டர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"ஸ்பேரக்கா போய் இனிமே மேடமா? மேடம், நம்மளையும் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க. உங்க பெஞ்சுக்குத் துரோகம் பண்ணிடாதீங்க."

"சும்மா இரு தம்பி. நாற்காலி உடைஞ்சு விழப்போகுது, அதைப் பாரு முதல்ல."

உண்மையில் உடைந்துதான் இருந்தது. சுழலும் நாற்காலி. ஒரு சக்கரம் கழன்று லொடலொடவென்று ஆடியது. திரும்பினால் ஆளைச் சாய்த்துவிடும். அன்று மாலை மகள் ஸ்பேனரோடு வந்தாள். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, தேய்ந்துபோன சக்கரத்தின் தண்டைக் கழற்றி, கல்லூரிப் பட்டறையிலிருந்து கொண்டுவந்த ஒரு போல்ட்டைச் செருகி, நட்டை இறுக்கினாள்.

"உக்காந்து சுத்திப் பாரும்மா."

ஸ்பேரக்கா உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்று சுற்றினார்.

"ஆடலையே!"

"இனிமே ஆடாது. இந்தக் கட்டடமே விழுந்தாலும் அந்தச் சக்கரம் நிக்கும்."

மகள் டயர் கடையிலிருந்து ஒரு காலி அட்டைப்பெட்டியும் வாங்கி வந்து கவுண்டருக்கு அடியில் வைத்தாள். கால் வைத்துக்கொள்ள. எதிரில் நிற்கிறவர்களுக்கு அது தெரியாது. கவுண்டருக்கு மேலே நேராக உட்கார்ந்த மேடம், கீழே பெட்டிமேல் நீட்டிய கால்கள். டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது. கொஞ்ச வாரங்களில் வீக்கம் வடியத் தொடங்கியது. மகள் ராத்திரி சாப்பிடும்போது அம்மாவின் காலைத்தான் முதலில் பார்ப்பாள்.

வேலையை எம்.டி. ஒரே மூச்சில் சொல்லிக் கொடுத்திருந்தார். "மனுஷங்களை நம்பாதீங்க அக்கா. எண்ணிக்கையை நம்புங்க. பத்துக் கேட்டா பதிமூணு கூப்பிடுங்க."

ஸ்பேரக்கா தலையாட்டினார். ஆனால் பின்பெஞ்சு எவ்வளவு குளிரும் என்று அவருக்குத் தெரியும். அதனால் பத்துப் பேரை மட்டும் வரச் சொன்னார். மிச்சப் பேரை வீட்டிலேயே இருக்கச் சொன்னார். "கிளம்பித் தயாரா இருங்க. கூப்பிட்டா வந்தா போதும். கூப்பிடலைன்னா பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு வேற சோலியைப் பாருங்க." யார் பக்கத்தில் இருக்கிறார்கள், யாருக்கு எந்த நாளில் வீட்டில் தொல்லை, யார் முந்தைய நாளே வராமல் போகப்போகிற மாதிரி இருமுவார் என்பதெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்தே கற்றிருந்தார். ஒரு வேனும் குறையவில்லை. பின்பெஞ்சு காலியானது. வெல்டரின் தங்கை முதல்முறையாகக் காலையில் தன் வீட்டிலேயே டீ குடித்தாளாம். அதை அவளே வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

இது நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது எம்.டி. ஒருநாள் வெளியே வந்து காலி பெஞ்சுகளை முறைத்தார்.

"என்ன அக்கா இது, கடையில சரக்கே இல்லையே?"

"எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க சார்."

"மிச்சம்?"

"வீட்ல இருக்காங்க. கூப்பிட்டா வருவாங்க."

எம்.டி. நெற்றியைத் தேய்த்தார். "அக்கா, நீங்க புரியாம பேசறீங்க. ஸ்பேருன்னா யாரோ வராம போயிடுவாங்கன்னு மட்டுமா? வேன்ல ஏறறவன் திரும்பிப் பாக்கணும். பின்னால ஒருத்தன் உக்காந்திருக்கணும். அப்பதான் அவன் கூலி பத்திப் பேசமாட்டான். கம்பெனிக்காரன் வந்தா அவனும் பாக்கணும். சரக்கு நிறைய இருக்கற கடைக்குத்தான் ஆள் வருவாங்க."

ஸ்பேரக்கா அன்றுவரை, தான் பின்பெஞ்சில் உட்கார்ந்தது ஏதோ ஓர் ஓட்டையை அடைக்க என்று நினைத்திருந்தார். பொம்மையாகத்தான் உட்கார்ந்திருந்தார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. துணிக்கடை வாசலில் நிறுத்தும் பொம்மைக்காவது புடவை கட்டிவிடுவார்கள்.

"வியாழக்கிழமை பெரிய கிடங்கோட மேனேஜர் வர்றார்" என்றார் எம்.டி. "கான்ட்ராக்ட் நமக்கு விழுந்தா இந்த வேன் போதாது, இன்னொண்ணு வாங்கணும். பெஞ்சு எல்லாம் நிறைஞ்சிருக்கணும். ஒரு இடம் காலியா இருக்கக் கூடாது. வேலை இருக்குன்னு சொல்லிக் கூப்பிடுங்க."

"வேலை இருக்கா சார்?"

"உங்க சீட்டு இருக்கு. அது போதாதா?"

பதிலுக்கு நிற்காமல் எம்.டி. கண்ணாடி அறைக்குள் போய்விட்டார். வாசனை மட்டும் கவுண்டரிலேயே நின்றது.

அன்று மாலை வீட்டில், தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்பேரக்கா போனைக் கையில் எடுத்தார், வைத்தார், எடுத்தார். மகள் மேஜையில் ஒரு மீட்டரைப் பிரித்துப் போட்டு எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, போனை வெச்சுத் தாயம் ஆடறே?"

"பொய் சொல்லிக் கூப்பிடணுமாம்டி. எனக்கு வாய் வரமாட்டேங்குது."

"அப்ப உண்மையைச் சொல்லிக் கூப்பிடு."

"வேலை இல்லை, வந்து சும்மா உக்காருங்கன்னா எவ வருவா? பாதிப் பேர் வந்தா பெரிசு."

மகள் சால்டரிங் கம்பியைக் கீழே வைக்காமலே சொன்னாள். "பாதிப் பேர்தான் வருவாங்கன்னா ரெண்டு மடங்கு பேரைக் கூப்பிடு. மேல கொஞ்சம் மார்ஜின் வெச்சுக்கோ. அவ்வளவுதானே?"

படிப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எந்தப் பாலம் கட்டினாலும், எந்தக் கம்பி இழுத்தாலும், தேவைக்கு மேல் ஒரு பங்கு. கணக்கு சரியான கணக்கு. கம்பிகளுக்குப் பொருந்தும்.

ஸ்பேரக்கா ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதலில் வெல்டர்.

"தம்பி, வியாழக்கிழமை காலையில ஏஜென்சிக்கு வர முடியுமா? வேலை இல்ல. முன்னாலயே சொல்லிடறேன். சும்மா வந்து பெஞ்சுல உக்காரணும். எவனோ பாக்க வர்றானாம்."

"பொண்ணு பாக்க வர்ற மாதிரியா?"

"அப்படித்தான் வெச்சுக்கோ."

"எதுக்கு அக்கா?"

"எனக்காகத்தான். நாற்காலி நிக்கணும்னா பெஞ்சு நிறையணுமாம்."

"அதை முதல்ல சொல்றதுக்கென்ன? சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு வர்றேன். தங்கச்சியையும் மச்சானையும் இழுத்துட்டு வர்றேன். மச்சான் சும்மா உக்கார்றதுல கில்லாடி, அவரை யாரும் ஜெயிக்க முடியாது."

அன்று இரவுக்குள் பெஞ்சுகள் கொள்ளுவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்களைக் கூப்பிட்டுவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக எம்.டி. சொன்னபடி அவர் மனிதர்களை நம்பாமல் எண்ணிக்கையை நம்பினார். ஸ்பேர் வைப்பதை ஒழித்துக்கட்டியவரே ஸ்பேருக்கு ஸ்பேர் வைத்தார்.

வியாழக்கிழமை எல்லாரும் வந்தார்கள்.

ஒருவர் பாக்கியில்லை. கூலி கொடுத்துக் கூப்பிட்ட நாளில்கூட அப்படி வந்ததில்லை. இருமுகிறவர் இருமிக்கொண்டே வந்தார். கைக்குழந்தைக்காரி குழந்தையோடு வந்தாள். வெல்டர், தங்கை, மச்சான், மச்சானின் தம்பி. பெஞ்சு நிறைந்தது, சுவரோரம் நிறைந்தது, படிக்கட்டு நிறைந்தது, கீழே டயர்கள்மேல்கூட இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் தலைவாரித் துவைத்த உடுப்பில். ஏதோ ஸ்பேரக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த மாதிரி ஒரே சிரிப்பு.

"அக்கா, நிரந்தரம் ஆனதும் அந்த நாற்காலியில எங்களையும் ஒரு சுத்து சுத்த விடணும்."

"அடங்குங்கப்பா. அவர் வர்ற நேரமாச்சு. முகத்தைக் கொஞ்சம் ஏக்கமா வெச்சுக்கோங்க."

"எங்களுக்கா சொல்லித் தர்றீங்க? பிறவியிலயே இதான் முகம்."

கிடங்கு மேனேஜர் வந்தார். படிக்கட்டில் ஏற வழியில்லாமல் ஒவ்வொருவராக ஒதுங்க ஒதுங்க, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே ஏறினார். உள்ளே வந்தும் உட்காரவில்லை. அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். எம்.டி. மார்பு புடைக்க நின்றார்.

"இவங்க எல்லாம் இன்னைக்கு எங்க போறாங்க?"

"எங்கயும் போகலை சார். உங்களுக்காகவே ரெடியா இருக்காங்க."

"எல்லாருமா?"

"கூப்பிட்ட குரலுக்கு வருவாங்க சார். எங்க குடும்பம் மாதிரி."

மேனேஜர் மெதுவாகத் தலையாட்டினார். "அப்ப இவ்வளவு பேருக்கும் வேற வேலை இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "பின்ன எதுக்கு நீங்க சொன்ன ரேட்டு?"

எம்.டி.யின் சிரிப்பு இருந்த இடத்திலேயே காய்ந்தது. மேனேஜரை அவசரமாகக் கண்ணாடி அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். வெளியே எல்லாரும் ஏக்கமான முகத்தோடு காத்திருந்தார்கள். கண்ணாடிக்குள் வாய்கள் அசைவது தெரிந்தது. எம்.டி. கையை விரித்தார், நெஞ்சில் வைத்தார், மேஜையில் குத்தினார். மேனேஜர் ஒரே ஒரு தடவை கட்டைவிரலால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பெஞ்சுகளைக் காட்டினார். அதோடு முடிந்தது. கான்ட்ராக்ட் விழுந்தது. ரேட்டும் விழுந்தது.

மேனேஜர் போன பிறகு எம்.டி. இடி விழுந்தவர்போல உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் இல்லை. அந்த நஷ்டம் தன் பையிலிருந்து போக வேண்டியதில்லை என்பது ஞாபகம் வந்ததும் முகம் தெளிந்துவிட்டது. வெளியே வந்து, "நாளைக்குப் பாக்கலாம்" என்று எல்லாரையும் அனுப்பினார். போகும்போது வெல்டர் கவுண்டரில் குனிந்து கேட்டார்.

"நாற்காலி உறுதிதானே அக்கா?"

"உறுதிதான் போல இருக்கு."

கூட்டம் படியிறங்கும் சத்தம் அடங்கியது. எம்.டி. கவுண்டரில் கையை ஊன்றினார்.

"அக்கா, கலக்கிட்டீங்க. இவ்வளவு ஆள் உங்களுக்காக வருவாங்கன்னு நான் நினைக்கவே இல்ல. இனிமே இந்த சீட்டு உங்களுக்குத்தான், நிரந்தரம். ஒரே ஒரு சின்ன விஷயம். கிடங்குக்குப் போறவங்களுக்குக் கூலி கொஞ்சம் குறையும். அதைப் போன்ல பக்குவமா சொல்லிடுங்க. நான் சொன்னா மூஞ்சியைத் தூக்குவாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

ஸ்பேரக்கா பெட்டியின்மேல் இருந்த கால்களை ஒன்றோடொன்று உரசிக்கொண்டார். பிறகு போனை எடுத்தார். முதலில் வெல்டரையே கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தார். திட்டு வாங்கிக்கொண்டு தொடரலாம் என்று நினைத்தார். திட்டு வாங்கினால் மனசு கொஞ்சம் நேராகிவிடும்.

"தம்பி, கிடங்கு வேலை நாளையிலருந்து. ஆனா கூலி குறையுது."

"ஏன்?"

"நாமதான் காரணம். ரொம்பப் பேர் வந்துட்டோம்."

வெல்டர் வெடித்துச் சிரித்தார்.

"அடப்பாவி! சும்மா உக்காந்ததுக்கே இவ்வளவு இறங்கிடுச்சா? நல்லவேளை, மச்சான் குறட்டை விடலை. விட்டிருந்தா நாமதான் அவங்களுக்குக் காசு குடுக்கணும்."

"தம்பி, நான்..."

"விடுங்க அக்கா. நீங்க சொல்றீங்கல்ல, சரிதான். வர்றேன்."

அடுத்துக் கைக்குழந்தைக்காரி. "நீங்க சொன்னா சரிதான் அக்கா." அடுத்து இருமுகிறவர். "உங்களுக்குத் தெரியாததா?" ஒருவரும் மூஞ்சியைத் தூக்கவில்லை. ஒருவரும் திட்டவில்லை. எம்.டி. சரியாகத்தான் கணித்திருந்தார். அந்த மனிதர் வாழ்க்கையில் சரியாகக் கணித்த ஒரே விஷயம் அதுவாக இருக்கலாம்.

நாலாவது எண்ணைப் பாதி அழுத்தியதும் ஸ்பேரக்கா போனை வைத்தார். பெட்டியிலிருந்து காலை இறக்கினார். நாற்காலியைக் கவுண்டருக்குள் நேராகத் தள்ளி வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தார்.

எம்.டி. கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன அக்கா, உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கு சார்."

"பின்ன ஏன் அங்க போய் உக்காந்துட்டீங்க?"

"கடையில சரக்கு இல்லைன்னீங்களே சார்."

கதை இங்கே நின்றிருந்தால் ஸ்பேரக்கா ஜெயித்த மாதிரி இருந்திருக்கும். நிற்கவில்லை. அவர் எழுந்ததால் யாருடைய கூலியும் ஏறவில்லை. மறுநாளே ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்து எம்.டி. அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். அவள் பக்குவமும் பார்க்கவில்லை, ஒன்றும் பார்க்கவில்லை. குறைந்த கூலியைச் சொன்னாள். எல்லாரும் வந்தார்கள். பத்துக்குப் பதின்மூன்று என்று மறுபடி கூப்பிட்டாள். பின்பெஞ்சு மறுபடி நிறைந்தது. வெல்டர் ஒருநாள் அதில் ஸ்பேரக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அங்கயே இருந்திருந்தா நாங்க வீட்லயாவது உக்காந்திருப்போம். குறைஞ்ச கூலி குறைஞ்சதுதான். உங்க மானம் மட்டும்தான் மிச்சம். அது எங்களுக்கு என்னத்துக்கு?"

"தெரியுது தம்பி."

"தெரிஞ்சுமா எழுந்தீங்க?"

"நீங்க ஒருத்தராவது என்னைத் திட்டியிருந்தா உக்காந்திருப்பேன்."

வெல்டர் அவரை உற்றுப் பார்த்தார். "அடடா, தெரியாம போச்சே. என் தங்கச்சி வண்டி வண்டியா திட்டுவாளே. அவளுக்கு முதல்ல போன் பண்ணியிருக்கக் கூடாதா?" இருவரும் சிரித்தார்கள். அன்று இருவருக்கும் வேலை இல்லை.

மகள் சிரிக்கவில்லை. "உனக்கென்ன பைத்தியமா? உன் காலை நினைச்சுப் பாத்தியா? யாருக்காக எழுந்தே? ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் உண்டா?" என்று கேட்டாள். கணக்குப்படி அவள் சொன்னது முழுக்கச் சரி. ஸ்பேரக்கா, "சாப்பாடு ஆறுது, சாப்பிடு" என்றார். இரண்டு மடங்கு கூப்பிடச் சொன்னது யார் என்று அவர் அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு பல வருடங்கள் அவர் துணி மடித்தார், தட்டு கழுவினார், லேபிள் ஒட்டினார், நின்றார். மகளுக்கு வேலை கிடைத்த பிறகும், "வீட்ல உக்காந்து என்ன பண்ண?" என்று போய்க்கொண்டிருந்தார். கால் மறுபடி வீங்கியது. நீலம் கறுப்பானது. ஒருநாள் அந்தக் காலில் உறைந்த ரத்தம் நெஞ்சுக்குப் போனது. மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் மகளிடம் கேட்டார்.

"அம்மா என்ன வேலை பாத்தாங்க?"

"ஸ்பேரா இருந்தாங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. புரிய வைக்க மகளுக்குத் தெம்பில்லை.

மறுநாள்தான் அந்த போன். வேற யாராவது சும்மா இருக்காங்களா என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் பதிலுக்குக் காத்திருந்தாள். வேன் விடாமல் ஹாரன் அடித்தது. மகள் என்னென்னவோ சொல்ல வாயெடுத்தாள். சென்ட்பாட்டிலைக் கூப்பிடச் சொல்லலாம். அந்தச் சுவரில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் வார்த்தை தயாராக இருந்தது. கடைசியில் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த நாற்காலி. அதுல ஒரு சக்கரம் ஆடுதா?"

"என்னங்க?"

"சக்கரம். ஆடுதா பாருங்க."

மறுமுனையில் நாற்காலி இப்படியும் அப்படியும் திரும்பும் சத்தம் கேட்டது.

"இல்லையே. நல்லா உறுதியா இருக்கு. இங்க உருப்படியா இருக்கறதே இது ஒண்ணுதான்."

"சரி" என்றாள் மகள். "அடியில ஒரு பெட்டி வெச்சு, காலை அது மேல வெச்சுக்கோங்க." பிறகு போனை வைத்தாள்.